மரை பார்த்து வாங்குங்கள்

1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் நம்முடையது. பழைய சைக்கிள் தேடுகிறவர்களுக்கு இங்கே பெழோ மீது மோகம் அதிகம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கும் அந்தச் சிங்க முத்திரையைக் கண்டால் கை துறுதுறுக்கும். ஆனால் மரையைப் பாருங்கள். அக்காலப் பிரெஞ்சு பெடலின் மரை 14 மில்லிமீட்டர். இங்கிலீஷ் மரை 9/16 அங்குலம், அதாவது 14.3. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டு முறுக்கினால் கிராங்க் பாழ். பி.பி. கப்பிலும் இதே வம்பு.

ராலே என்றால் செயின் வீலில் நாரைத் தலை இருக்கிறதா பாருங்கள். ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப் இருந்தால் இன்னும் நல்லது. போருக்குப் பிந்தையவற்றில் செய்த வருஷம் ஹப்பின் மேலேயே குத்தியிருக்கும். விற்பவர் சொல்லும் வயதை நம்ப வேண்டியதில்லை.

ஹெர்குலிஸும் பிறப்பால் இங்கிலீஷ்தான், பர்மிங்ஹாம். 1949இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடன் சேர்ந்து கம்பெனி தொடங்க, அது அம்பத்தூர்ச் சைக்கிளாயிற்று. 28 அங்குல டயர் இன்றும் சாதாரணக் கடையில் கிடைக்கிறது.

எனக்கு ஓட்டுவதற்குச் சைக்கிள் வேண்டும், சுவரில் மாட்ட அல்ல. ஹெர்குலிஸை எடுத்தேன். ஓவராயில் நடக்கிறது. பெயின்ட் மட்டும் அடிக்க வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பிரேமில் பழைய பொன்கோடு இன்னும் தெரிகிறது.