குயவரிடம் கேட்ட இரண்டு கேள்விகள்

1/ விருத்தாசலத்துக்காரங்களுக்கு பீங்கான் சூளை புதுசில்லை. ஆனா சங்க காலத்துல சூளைக்காரரிடம் கேட்ட இரண்டு கேள்விகள் தெரியுமா?

2/ முதலில் ரோம். செத்த பிறகு அலெக்சாண்டரும் அவரோட கோவேறு கழுதை ஓட்டியும் ஒண்ணுதான்னு எழுதி வெச்சார் மார்க்கஸ் அரேலியஸ். சொன்னவரே பேரரசர்!

3/ நம்ம ஐயூர் முடவனார் நேரெதிர் (புறநானூறு 228). சோழன் கிள்ளிவளவன் இறந்ததும் குயவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார். அவன் பெருமை அடங்கும் தாழி வேணும்னா பூமியே சக்கரமாகணும், மலையே மண்ணாகணும். உன்னால முடியுமாப்பா?

4/ அப்போ இறந்தவரைத் தாழியில் புதைப்பதும் வழக்கம். ஆதிச்சநல்லூரில் கிடைத்தவை அவைதான்.

5/ புறம் 256. பாடியவர் பெயரே தெரியாது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிய பல்லி போலத் துணையோடு வந்த பெண், எனக்கும் சேர்த்து அகலமாச் செய்னு கேட்கிறாள்.

6/ டாக்டரா எனக்கு இதுதான் பெரிய கேள்வி. துணையை இழந்த முதல் சில மாதங்களில் மற்றவரின் இறப்பு அபாயமும் கூடுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. இறந்தவருக்கு கேஸ் ஷீட் உண்டு. பக்கத்தில் நின்றவருக்குக் கிடையாது.

7/ காரியம் முடிஞ்சதும் எல்லாரும் கிளம்பிடுவோம். அதுக்கப்புறமும் ஒருமுறை போங்க. சாப்பிட்டாங்களா, பிரஷர் மாத்திரை போட்டாங்களான்னு கேளுங்க.