பறையொலியும் படக்கொட்டகையும்

மணிமேகலையின் முதற் காதை விழாவறை காதையாகும். வச்சிரக் கோட்டத்து முரசினை யானையின் பிடரியில் ஏற்றி, இந்திர விழாவின் வரவைப் புகார் நகரத்தார்க்கு அறிவிக்கின்றான் முரசறைவோன். ஊரறிய வேண்டியதைப் பறையறைந்து அறிவித்தல் தமிழர் வாழ்வில் நெடுநாளைய வழக்கு. அரசாணை, திருவிழா, இழவு எனப் பலவற்றையும் சுமந்த அவ்வொலி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புதிய முதலாளியிடம் வேலைக்கு அமர்ந்தது. யானை போய் மாட்டு வண்டி வந்தது. வண்டியின் இருபுறமும் வண்ணத் தட்டிகள், உள்ளே மேளகாரர், பின்னால் நோட்டீசுக்காக ஓடிவரும் சிறுவர் கூட்டம். படக்கொட்டகை நடத்தியோர் மக்களை இவ்வாறுதான் அழைத்தனர். இலக்கியம் பயின்றோர் இதனை ஆராயத் தகாத பொருளென்று ஒதுக்கக்கூடும். ஆயினும் யார் யாரை எவ்வாறு அழைத்தனர் என்பது சமூக வரலாற்றில் சிறிய கேள்வி அன்று.

1905 ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரத்துடன் ஊர் ஊராகப் புறப்பட்டார். 1914 இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கினை அமைத்தார். சென்னையில் ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி அரங்கும் அக்காலத்ததே. கூடாரக்காரருக்கும் அரங்கு கட்டியவருக்கும் இடையே முக்கியமான வேறுபாடொன்று உண்டு. முன்னவர் கூட்டம் குறைந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். பின்னவரோ சுவரோடும் கடனோடும் கட்டுண்டவர். சென்ற வாரம் வந்த அதே மனிதனை இந்த வாரமும் வரவழைத்தாலன்றி அவருக்குப் பிழைப்பில்லை. விளம்பரம் அன்றாடத் தொழிலாகியது இந்நெருக்கடியினாலேதான் என்பது எமது கருத்து.

இதற்கு அவர்கள் கையாண்ட வழிகள் பல. மின்விளக்கு அரிதாயிருந்த ஊர்களில் கொட்டகை வாயிலில் எரிந்த விளக்கே ஒரு காட்சியாயிற்று. வாயிலில் பாண்டு வாத்தியம் முழங்கியது. எடி போலோ போன்றோர் நடித்த தொடர்படங்களைச் சில பாகங்களாகப் பகிர்ந்து காட்டி, கதாநாயகன் ஆபத்தில் மாட்டிய இடத்தில் நிறுத்தி, அடுத்த வாரத்துக்கு ஆவலை வளர்த்தனர். ஊமைப்பட இடைவேளைகளில் நடனமும் குத்துச்சண்டையும் வைத்தவர்களும் உண்டு.

நோட்டீசு தனியே கவனிக்கத்தக்கது. அதில் கதைச் சுருக்கம் இருக்கும், ஆனால் முடிவிராது. மீதியைத் திரையிற் காணுமாறு அது பணிக்கும். பெண்களுக்குத் தனியிடம் உண்டென்ற உறுதிமொழியும் காணப்படும். 1931 அளவிற் சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தவர் ஏறக்குறையப் பத்தில் ஒருவரே. அப்படியிருக்க நோட்டீசை யாருக்காக அச்சிட்டனர்? ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். கொட்டகைக்குள்ளும் ஊமைப்படத்தின் எழுத்துக்களை உரக்கச் சொல்லி விளக்குவதற்கு ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். பாடப் புத்தகத்தை எட்டாதவனுக்கு அச்சுத்தாளின் மீது ஆசை பிறப்பித்ததில் இத்துண்டுக் காகிதத்துக்கும் பங்குண்டு. பள்ளிக்கூடங்களிற் பணிபுரியும் நாம் இதை ஒப்புக்கொள்ளச் சற்றே கூச்சப்படுகிறோம்.

பேசும்படம் வந்தபின் விளம்பரம் கோயிலின் மொழியையும் எடுத்துக்கொண்டது. 1931 அக்டோபர் 31 இல் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. அதன் படப்பெட்டி ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டதென்றும், மக்கள் தேங்காய் உடைத்துப் பூத் தூவினரென்றும் திரைப்பட வரலாறு எழுதியோர் கூறுவர். கிராமத்து டூரிங் கொட்டகைகளில் ஒலிபெருக்கியிலிருந்து எழுந்த பக்திப் பாடல், படம் தொடங்கப்போவதைச் சுற்றுப்புறத்துக்கு அறிவித்தது. கடிகாரம் இல்லாத வீட்டார் அதைக் கேட்டே அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட்டனர்.

கோயிலின் மொழியில் அழைத்தாலும், கோயில் அழைக்காதவரையும் இவர்கள் அழைத்தனர். இதனைச் சீர்திருத்தமெனக் கொண்டாடுவோர் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. தரை டிக்கெட்டின் சில்லறை, யார் மடியிலிருந்து வந்தாலும் சில்லறையே. பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படத்தை அரசியற் றொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981 இல் வெளியிட்ட ஆங்கில நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்கு திரையரங்கே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, வாங்கும் சக்தியே என்றும் எடுத்துக்காட்டினார். அவ்வுண்மையின் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். ஓர் ஏணி அகற்றப்பட்ட இடத்தில் தரை, பெஞ்சு, நாற்காலி என வேறோர் ஏணி சாத்தப்பட்டது. அழைப்பைச் சுமந்தவனின் நிலையோ மாறவில்லை. நடிகர் பெயர் தட்டியிற் பெரிய எழுத்தில் நின்றது. மேளமடித்தவன் பெயர் எங்கும் அச்சேறவில்லை.

காலப்போக்கில் இவ்வழைப்பு கொட்டகைக்காரரின் கையிலிருந்து நழுவியது. விளம்பர முகவராகத் தொழில் தொடங்கிய எஸ். எஸ். வாசன் 1948 இல் 'சந்திரலேகா'வை வெளியிட்டபோது, விளம்பரம் படத்தயாரிப்பின் பெருஞ்செலவுகளுள் ஒன்றாகிவிட்டது. தட்டியும் சுவரொட்டியும் சென்னையிலிருந்தே வந்தன. உள்ளூர் முகாமையாளருக்கு எஞ்சியவை தெருவும் ஒலிபெருக்கியுமே.

யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே. வின்சர், வெலிங்டன், மனோகரா, ராணி முதலிய அரங்குகளின் காலத்தை நமது மூத்தோர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். மாட்டு வண்டியின் இடத்தைக் கார் பிடித்திருந்தது. ஒலிபெருக்கி கட்டிய அக்கார் ஒழுங்கைகளினூடே மெல்லச் செல்லும். யன்னலால் நோட்டீசு பறக்கும். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியிருந்தும் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் கதவு திறக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசம் கோரி நின்றோர் தடுக்கப்பட்டனர். அக்காலத்திற் சிறுவராயிருந்த ஒருவர் நம்மிடம் கூறியது இது: "கோயிலடியில எங்களை மறிச்சவை. படக் கார் எங்கட ஒழுங்கைக்குள்ளயும் வந்தது. நான் பொறுக்கின நோட்டீசை ஒருத்தரும் பறிக்கேல்லை." அந்த நோட்டீசை அவர் படிக்கவில்லையாம். கலரிக்குக் காசு சேரும்வரை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தாராம்.