அல்கலி: உவர்ச் செடியின் சாம்பல்

அல்கலி என்ற வேதியியல் சொல் அரபு மொழியின் ‘அல்-கலி’ என்பதிலிருந்து வந்தது. உவர் நிலத்துச் செடிகளை எரித்தபின் மிஞ்சும் சாம்பலுக்கு அரேபியர் இட்ட பெயர் அது. இடைக்கால லத்தீன் மொழிபெயர்ப்புகள் வழியே ஐரோப்பாவுக்குப் போனபோது, ‘அல்’ என்னும் அரபுச் சுட்டும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. உள்நாட்டு மரங்களின் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் மிகுதி. அதில் காய்ச்சிய சோப்பு குழகுழவென்று இருக்கும். கடலோரச் செடிகளோ மண்ணின் உப்பை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துவைப்பவை. அவற்றின் சாம்பல் தரும் சோடியம் கார்பனேட்டில்தான் கட்டிச் சோப்பும் தெளிந்த கண்ணாடியும் கிடைத்தன. தமிழகத்து உப்பளங்களின் ஓரம் வளரும் உமரியும் இச்செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இந்தச் சாம்பலுக்காகப் பெரும் வணிகமே நடந்தது. வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர்கள் சிரியாவிலிருந்து அதை வரவழைத்தார்கள். ஸ்பெயினின் அலிகாந்தே துறைமுகத்திலிருந்து போன ‘பாரில்லா’ சாம்பல் ஐரோப்பாவிலேயே உயர்ந்ததாக மதிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் 18ஆம் நூற்றாண்டில் கடற்பாசியை எரித்தார்கள். கரையில் உலர்த்திய பாசியைக் கல் பதித்த குழியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மணிக்கணக்கில் எரிப்பார்கள். உருகிப் பாகாகும் சாம்பலை நீண்ட இரும்புக் கோல்களால் கிளறி ஆறவிட்டால் கல்லாக இறுகும். அதை உடைத்துக் கப்பலேற்றுவார்கள். ஒரு டன் சாம்பலுக்கு ஏறத்தாழ 20 டன் ஈரப்பாசி வேண்டும். அத்தனை உழைப்புக்கும் அதில் சோடா என்னும் சோடியம் கார்பனேட் கொஞ்சமே இருந்தது.

சோடா இறக்குமதியால் தவித்த பிரான்சில், சாதாரண உப்பிலிருந்தே அதைச் செய்பவருக்கு அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. நிக்கோலா லெப்லாங் என்ற மருத்துவர் வழி கண்டார். உப்பைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கி, கிடைத்த சோடியம் சல்ஃபேட்டைச் சுண்ணாம்புக்கல், நிலக்கரியோடு சேர்த்துச் சுட்டார். 1791இல் காப்புரிமை பெற்றார். ஆனால் புரட்சி அரசு அவருடைய ஆலையைப் பறித்துக்கொண்டது, பரிசும் கிடைக்கவில்லை. வறுமையில் நொந்து 1806இல் தற்கொலை செய்துகொண்டார். வேதித் தொழிலுக்கு அடித்தளமிட்ட ஒருவருக்கு இதைவிடக் கொடிய அநீதி நேர்ந்திருக்க முடியாது.

அவருடைய முறை இங்கிலாந்தில் பரவியது. பாசி எரிப்பு நொடித்தது. புதிய ஆலைகள் கக்கிய ஹைட்ரஜன் குளோரைடு வாயு சுற்றுப்புறத்து வயல்களையும் மரங்களையும் கருக்கியது. அந்த வாயுவில் 95 விழுக்காட்டையாவது ஆலைகளே பிடித்துவைக்க வேண்டும் என்று 1863ஆம் ஆண்டின் அல்கலிச் சட்டம் கட்டளையிட்டது. பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே 1861இல் உருவாக்கிய அம்மோனியா முறை பின்னர் லெப்லாங்கின் முறையையே ஓரங்கட்டியது.

இதற்கிடையே அல்கலி என்ற சொல்லின் பொருளும் மாறிக்கொண்டிருந்தது. ஹம்ப்ரி டேவி 1807இல் மின்சாரத்தைச் செலுத்தி, மரச்சாம்பல் காரத்திலிருந்து பொட்டாசியத்தையும் சோடாக் காரத்திலிருந்து சோடியத்தையும் பிரித்தெடுத்தார். ஜெர்மானிய வேதியியலாளர்கள் ‘கலி’ என்ற பெயரை மரச்சாம்பல் காரத்துக்கு உரியதாக்கியிருந்ததால் பொட்டாசியம் ‘கலியம்’ ஆயிற்று. அதன் குறியீடான ‘கே’ அங்கிருந்து வந்ததே. கடலோரச் சாம்பலில் மிகுந்திருந்த சோடியத்துக்கு அந்தப் பெயரில் பங்கில்லாமல் போனது. 1880களில் ஸ்வாந்தே அர்ரேனியஸ் அயனிக் கொள்கையை வகுத்தபின், நீரில் கரைந்து ஹைட்ராக்சைடு அயனியைத் தரும் சேர்மமே அல்கலி என்ற வரையறை நிலைத்தது.