ஒரே டிஸ்க், ரெண்டு சர்வர்

இந்த எபிசோட் நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து தொடங்குது.

என் முதல் வேலை. ரெண்டு வெப் சர்வர், ரெண்டுலயும் ஒரே படங்கள் தெரியணும். ஒரு நெட்வொர்க் டிஸ்க்கை எடுத்து ரெண்டு சர்வர்லயும் மவுண்ட் பண்ணிட்டேன். ஃபைல் சிஸ்டம், வழக்கமான இஎக்ஸ்டி4. எந்த எர்ரரும் வரல. "இவ்ளோதானா?"ன்னு நெனச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் காலையில ஃபைல் சிஸ்டமே சிதைஞ்சு கிடந்தது. பேக்கப் ரெண்டு நாள் பழசு. நடுவுல வாடிக்கையாளர்கள் ஏத்தின படங்கள் போனது போனதுதான்.

ஏன் அப்படி ஆச்சு? பிளாக் ஸ்டோரேஜுக்கு ஃபைல்னா என்னன்னே தெரியாது. அதைப் பொறுத்தவரை எல்லாமே நம்பர் போட்ட கட்டங்கள். எந்தக் கட்டம் காலி, எது எந்த ஃபைலுக்குங்கிற கணக்கைப் பார்க்கிறது சர்வர்ல ஓடுற ஃபைல் சிஸ்டம். அந்தக் கணக்கோட ஒரு நகலை அது தன் மெமரியிலயே வெச்சுக்கும். ரெண்டு சர்வர் தனித்தனியா கணக்கு எழுதினா? ஒரே மனையை ரெண்டு பேருக்குப் பத்திரம் போட்ட கதைதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, நான் பிறக்குறதுக்கு முன்னாடியே இதுக்குத் தீர்வு வந்துடுச்சு. 1983-ல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், அதாவது டெக், 'வேக்ஸ்கிளஸ்டர்' என்ற அமைப்பை அறிவித்தது. பல வேக்ஸ் கம்ப்யூட்டர்கள், பொதுவான டிஸ்க்குகள், நடுவில் விநாடிக்கு 70 மெகாபிட் வேக இணைப்பு.

ஆனா உண்மையான சாதனை வயர்ல இல்ல, லாக் மேனேஜர்ல இருந்தது. எதையாவது மாத்தணும்னா முதல்ல அதுக்கான லாக்கை வாங்கணும். அது வேற மெஷின் கையில இருந்தா காத்திருக்கணும். இணைப்பு அறுந்து மெஷின்கள் ரெண்டு கூட்டமா பிரிஞ்சா? பாதிக்கு மேல ஓட்டு இல்லாத கூட்டம் அப்படியே நின்னுடணும். தப்பா எழுதுறதைவிட எழுதாம இருக்கிறது மேல். க்ரோனன்பர்க், லெவி, ஸ்ட்ரெக்கர் மூவரும் 1986-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதெல்லாம் விளக்கமாக இருக்கிறது.

அதே யோசனைதான் பிறகு லினக்ஸுக்கும் வந்தது. 2006-ல் ஓசிஎஃப்எஸ்2, ஜிஎஃப்எஸ்2 என்ற ரெண்டு கிளஸ்டர் ஃபைல் சிஸ்டங்கள் கெர்னலில் சேர்ந்தன. இங்கே விதி இன்னும் கறார்: பதில் சொல்லாத சர்வரை டிஸ்க்கிலிருந்து துண்டி, இல்லன்னா அதோட கரண்ட்டையே கட் பண்ணு. செத்துட்டதா நெனச்ச சர்வர் திடீர்னு முழிச்சு எழுதினா எல்லாம் நாசம்.

2020-ல் அமேசான், ஒரு இபிஎஸ் டிஸ்க்கை 16 சர்வர் வரைக்கும் இணைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இஎக்ஸ்டி4 மாதிரி சாதாரண ஃபைல் சிஸ்டம் இதுக்கு ஆகாதுன்னு அவங்க ஆவணமே எச்சரிக்குது. அன்னைக்கு நான் அந்த மாதிரி ஒரு பக்கத்தைத் தேடிக்கூடப் பார்க்கல.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு என்எஃப்எஸ் சர்வர். டிஸ்க் ஒரே சர்வர் கையில இருக்கும், மத்தவங்க அதுகிட்ட ஃபைலைக் கேட்டு வாங்குவாங்க. அதனால டிஸ்க்கைப் பகிர்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: இப்ப யார் எழுதலாம்னு முடிவு பண்றது யாரு? பதில் இல்லன்னா, மவுண்ட் பண்ணாதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.