மேலே கண்டி, கீழே கொட்டியாரம்

பெயரிலேயே ஊற்றைத் தாங்கி நிற்கும் ஊர் பாலையூற்று. அவ்வூரை அடுத்த திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மூதூர்ப் பக்கத்தில், மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. 335 கிலோமீற்றர் கடந்து வரும் அந்நதி வண்டலை மட்டுமா சுமந்து வருகிறது? விடை காண மலைநாட்டுக்கே செல்ல வேண்டும்.

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த ஏரியின் மிகைநீர், மெத எல என்னும் கால்வாய் வழியே மகாவலியை அடைகிறது. நகரம் பெருகப் பெருக, அக்கால்வாய் வீடுகளின், விடுதிகளின், சந்தையின் சாக்கடையாயிற்று. அது கலந்த நதியிலிருந்தே, கீழே கட்டுகஸ்தோட்டையில், கண்டி மக்களுக்குக் குடிநீர் எடுக்கப்படுகிறது. இன்னுங் கீழே, 1976இல் தொழிற்படத் தொடங்கிய பொல்கொல்லை அணை நதியின் ஒரு பகுதியை வறண்ட பிரதேசத்தின் வயல்களுக்குத் திருப்பி விடுகிறது. நகரத்தான் கழித்ததை நகரத்தானும் குடிக்கிறான்; உழவனும் வயலிற் பாய்ச்சுகிறான்.

இது கண்டிக்கு மட்டும் உரிய பாவமன்று. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் இலண்டன் பாராளுமன்றத்தின் ஜன்னல்களை எட்டியது. அதுவரை ஏழைகளின் தெருக்களில் வாந்திபேதி கொன்று குவித்தபோது அசையாத சட்டம், அப்போதுதான் விரைந்து அசைந்தது. பசல்ஜட் என்னும் பொறியியலாளர் கட்டிய பெருஞ் சாக்கடைகள் அழுக்கை நகருக்குக் கீழே கொண்டு சென்றன. ஆனால் அதை அழிக்கவில்லை.

அழிக்கும் வழி 1914இல் மஞ்செஸ்டரிற் பிறந்தது. ஆர்டனும் லொக்கெற்றும் கழிவுநீரினுட் காற்றைச் செலுத்தினர். காற்றில் உயிர்த்த நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு, சேறாய்த் திரண்டு, அடியிற் படிந்தன. அச்சேற்றில் ஒரு பங்கைப் புதிய கழிவுநீரில் மீண்டும் சேர்த்தபோது வேலை விரைவாயிற்று. மேலே தெளிந்த நீர் நின்றது.

விஞ்ஞானம் வழி காட்டிய பின்னரும் இங்கே நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தவை மனிதக் கைகளே. தென்னிந்தியாவிலிருந்து வெள்ளையர் ஆட்சியிற் கொண்டுவரப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் நகரங்களின் மலத்தைச் சுமந்தனர். கண்டியில் மகியாவைக் குடியிருப்பு அவர்களின் சந்ததியினருடையது. இந்திய வம்சாவளியினர் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஊரைச் சுத்தம் செய்தவனுக்கு ஊர் சொந்தமில்லை என்ற இந்த நீதியை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழுவுவது?

1980இல் தேசிய சுற்றாடற் சட்டம் வந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம் கண்டி நகரின் கழிவுக்கென ஒரு பொது நிலையம் எழவில்லை. ஜப்பானியக் கடனுதவியுடன் கன்னொறுவையில் அது எழுந்தது அண்மைக் காலத்திலேதான். வரவேற்க வேண்டிய முயற்சியே. ஆயினும் குழாய்கள் எந்தத் தெருவோடு நின்றுவிடுகின்றன, எந்தக் குடிசையை அவை தொடவில்லை என்று கேட்பதும் நம் கடமையாகும்.

நதிக்கு மேலூர், கீழூர் என்ற பேதமில்லை. பேதம் மனிதரிடத்தில் இருக்கிறது. மேலே இருப்பவன் கழிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு, சுமக்கும் கடமையைக் கீழே தள்ளுகிறான். இது ஆற்றுக்கும் பொருந்தும், சமுதாயத்துக்கும் பொருந்தும். கொட்டியாரக் குடாவின் மீனவனும், பாலையூற்றில் கிணற்று நீரை மொள்ளும் தாயும் கேட்க வேண்டியது தருமமன்று, கணக்கு. ஊற்றைப் பெயரில் மட்டும் காப்பது போதாது.