எல்லைக்குத் தெற்கே ஓர் ஆடுகளம்

எடின்பரோவிலிருந்து தெற்கே செல்லும் ரயிலில் இடப்பக்கச் சன்னலருகே அமர்ந்தால் வழியில் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டே வரலாம். முக்கால் மணி நேரத்தில் ஸ்காட்லாந்து முடிந்துவிடுகிறது. எல்லையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தெற்கே, இங்கிலாந்தில் இருக்கிறது பெரிக் நகரம். கருத்தரங்கு ஒன்றின் பொருட்டு மதுரையிலிருந்து அவ்வளவு தூரம் சென்ற நாங்கள் இருவரும், எஞ்சிய ஒரே நாளை இவ்வூர்க் கால்பந்து மைதானத்துக்கு ஒதுக்கினோம். அன்று அங்கே ஆட்டம் ஏதும் இல்லை என்பது தெரிந்தேதான் புறப்பட்டோம்.

ரயிலை விட்டு இறங்கும் இடமே ஒரு வரலாறு. 1292இல் ஸ்காட்லாந்தின் அரசுரிமை வழக்கில் ஜான் பேலியலுக்கே முடி உரியது என்று இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு தீர்ப்பளித்தது பெரிக் கோட்டையின் பெருமண்டபத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கோட்டையின் பெரும்பகுதியை இடித்துவிட்டு அவ்விடத்தில் ரயில் நிலையம் கட்டினார்கள். இரு நாடுகளுக்கும் இடையே பதின்மூன்று முறை கைமாறியதாகச் சொல்லப்படும் இவ்வூர், 1482இல் இறுதியாக இங்கிலாந்தின் வசமானது. ஊரின் பெயரைத் தாங்கிய பெரிக்ஷயர் மாவட்டமோ ஸ்காட்லாந்திலேயே தங்கிவிட்டது. தலை ஒரு நாட்டில், உடல் மறு நாட்டில்!

கால்பந்துக் கழகத்தின் கதையும் இத்தகையதே. ஊர் இங்கிலாந்தில் இருந்தாலும், பெரிக் ரேஞ்சர்ஸ் ஆடியது ஸ்காட்லாந்தின் லீகில். 1951இல் அதில் இடம்பெற்ற கழகம் 68 ஆண்டுகள் நீடித்தது. பெரும்பாலும் அடிவரிசைகளில்தான்.

ஒரே ஒரு நாள் மட்டும் விலக்கு. 1967 ஜனவரி 28 அன்று ஸ்காட்டிஷ் கோப்பைப் போட்டியின் முதற்சுற்றுக்காக, முந்திய ஆண்டில் அக்கோப்பையை வென்றிருந்த கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் இங்கே வந்தது. அவ்வாண்டு மே மாதம் ஐரோப்பிய இறுதியாட்டம் ஒன்றில் பேயர்ன் மியூனிக்கை எதிர்கொள்ளவிருந்த அணி அது. கூடியிருந்தோர் 13,365 பேர். சாமி ரீட் அடித்த ஒரே கோலால் பெரிக் வென்றது. அன்று கோலைக் காத்து நின்ற ஜாக் வாலஸ்தான் பெரிக்கின் மேலாளரும். பின்னாளில் அவரே கிளாஸ்கோ ரேஞ்சர்ஸுக்கு மேலாளராகி, இருமுறை ஒரே பருவத்தில் மூன்று கோப்பைகளை வென்று கொடுத்தார். தோற்ற அணியின் முன்னணி வீரர்கள் ஜிம் ஃபாரஸ்ட், ஜார்ஜ் மக்லீன் இருவரும் அதன்பின் அக்கழகத்துக்காக ஆடவே இல்லை. இந்த ஆட்டத்தைப் பற்றி நாங்கள் படித்தவை பெரும்பாலும் தோற்றவரின் வரலாறாகவே இருந்தன. வென்றவரின் மண்ணில் நின்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

ட்வீட் ஆற்றின்மேல் 1624இல் கட்டி முடிக்கப்பட்ட பதினைந்து வளைவுப் பாலத்தைக் கடந்தால் ட்வீட்மவுத். வீடுகளுக்கிடையே இருக்கிறது ஷீல்ஃபீல்ட் பார்க். வாயில் பூட்டியிருந்தது. கம்பிகளின் ஊடே புல்தரையும், அதைச் சுற்றி ஸ்பீட்வே எனும் மோட்டார்சைக்கிள் பந்தயத் தடமும் தெரிந்தன. 1968இல் வந்த இத்தடம் பார்வையாளரை ஆட்டத்திலிருந்து சற்று விலக்கியே வைத்திருக்கிறது. பார்வையாளர் மாடத்துக்கு வேறொரு பூர்விகம் உண்டு. பிராட்ஃபர்ட் நகரின் வேலி பரேட் மைதானத்தில் பிரித்தெடுக்கப்பட்ட மாடமொன்றின் இரும்புச் சட்டகத்தை 1950களின் தொடக்கத்தில் 400 பவுண்டுக்கு வாங்கிவந்து நிறுத்தினார்கள். அதே வேலி பரேடில் எஞ்சியிருந்த பழைய பிரதான மாடம் 1985 மே 11 அன்று தீப்பிடித்து 56 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதை நினைத்துக்கொண்டே அந்தக் கூரையைப் பார்ப்பது எளிதாயில்லை.

நூற்றெட்டுத் திவ்விய தேசங்களையும் சேவிக்க முயல்வோரைப் போல, ஸ்காட்டிஷ் லீகின் 42 மைதானங்களையும் பார்த்துவிட முயல்வோர் உண்டு. அவர்கள் ஒரு மைதானத்துக்காக மட்டும் இங்கிலாந்துக்குள் வரவேண்டியிருந்தது. 2019 மே மாதம் கோவ் ரேஞ்சர்ஸிடம் இரண்டு ஆட்டங்களிலுமாக 7-0 என்று தோற்று, பெரிக் லீகிலிருந்தே இறங்கியது. அத்தோடு அந்த யாத்திரையும் இல்லாமற்போயிற்று.

நாயுடன் அவ்வழி வந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். "உங்கள் கணக்கில் இது எத்தனையாவது?" என்று கேட்டார்.

"இதுதான் முதலாவது" என்றோம்.

"இது இப்போது கணக்கில் வராதே" என்றார். பிறகு, வேலி தாழ்ந்திருக்கும் இடத்திலிருந்து மாடம் நன்றாகத் தெரியும் என்று சொல்லி, எங்களை அங்கே அழைத்துச் சென்றார்.