பங்காவிலிருந்து வெப்பப் பம்பு வரை

லோத்குண்டா என்னும் பெயரைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் ஒரு நீர்நிலை இருக்கக் காணலாம். தெலுங்கில் 'லோது' என்பது ஆழம். 'குண்ட' என்பது குட்டை. இன்றோ இப்பகுதியில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. சித்திரை வெயிலில் குளிர்ச்சி வேண்டுவோர் குட்டைக் கரையை நாடுவதில்லை. சுவரில் மாட்டிய இயந்திரத்தின் பொத்தானை அழுத்துகின்றனர். ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, இவ்வூருக்கு வந்தோர் வெயிலையும் குளிரையும் எவ்வாறு தாங்கினர், அதற்காக யார் யார் உழைத்தனர் என்னும் வரலாற்றையே எழுதலாம் என்று எண்ணினோம். அரசர் போர்களைப் பற்றி எழுதப் பலர் உளர். வீட்டுக்குள் புகுந்த வெப்பத்தைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே.

சென்னையிலிருந்தும் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் வந்த நம்மவர்க்கு இந்நகரின் தட்பவெப்பம் புதுமையாகவே இருந்திருக்க வேண்டும். கடற்கரை ஊரில் வெயில் வியர்வையாய் வழியும். மார்கழியிலும் மெல்லிய போர்வை போதும். தக்காணப் பீடபூமியின் மேல், கடல் மட்டத்திற்கு ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கும் ஐதராபாத்தில் கோடை வறண்டது. பனிக்காலம் நம்மவர் எதிர்பாராத அளவிற்குக் குளிர்வது. 1946 ஜனவரி 8ஆம் நாள் இங்குப் பதிவான குளிர் 6.1 பாகை, 1966 ஜூன் 2ஆம் நாள் பதிவான வெம்மை 45.5 பாகை. ஒரே ஊர், ஒரே வீடு; இரண்டிற்கும் அவ்வீடே ஈடுகொடுக்க வேண்டும்.

நிஜாம் அரசு 1798ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டதன் பின்னர்க் கம்பெனியின் படை இங்கு நிலையாகத் தங்கிற்று. 1806ஆம் ஆண்டில், அந்நாளைய நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் சிக்கந்தராபாத் தோன்றிற்று. அப்படை சென்னை இராணுவத்தைச் சேர்ந்தது. ஆகவே அதனுடன் தமிழ்ச் சிப்பாய்களும், சிப்பாய்களைத் தொடர்ந்து வணிகரும் எழுத்தரும் தச்சரும் சமையற்காரரும் வந்தனர். திருமலகிரியிலும் பொலாரத்திலும் பாசறைகள் எழுந்தன. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் அமைந்ததே நம் லோத்குண்டா.

வெள்ளையர் தம் வீடுகளைத் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரமும் வைத்துக் கட்டினர். அவையும் போதாமையின் கூரையிலிருந்து நீண்ட துணிப் பங்காவைத் தொங்கவிட்டனர். அதன் கயிறு சுவரிலுள்ள துளை வழியே வெளியே செல்லும். தாழ்வாரத்தில் ஒருவன் அமர்ந்து இரவெல்லாம் அதனை இழுப்பான். அறைக்குள் இருப்பவருக்குக் காற்று, இழுப்பவனுக்கு வியர்வை. கண்ணயர்ந்த பங்காக் கூலியை உதைத்து உயிர் போக்கிய வழக்குகளும் அக்கால ஆவணங்களில் உள்ளன. அறையில் குறைந்த வெம்மையின் விலையை வெளியே ஒருவன் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் எந்த மலரிலும் இடம்பெறவில்லை.

பங்கா அசையாது நின்ற ஒரு கோடையும் இவ்வூர் வரலாற்றில் உண்டு. 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு மாதம், பேகம்பேட்டை மருத்துவமனையில் ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர் கொசுக்களை அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். பங்கா ஆடினால் அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் அதனை நிறுத்தச் செய்தார். அவர் நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின. அம்மாதம் 20ஆம் நாள், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். பின்னர் 1902இல் நோபல் பரிசு பெற்றார். அந்த அறையில் இன்றைய குளிர்விப்பு இயந்திரம் ஒன்று இருந்திருந்தால் அவர் இன்னும் சற்று எளிதாக உழைத்திருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு.

பங்காவினும் மேலானது வெட்டிவேர்த் தட்டி. வாசலிலும் பலகணியிலும் தட்டியைக் கட்டி நீர் தெளித்தால், உள்ளே வரும் அனல்காற்று குளிர்ந்து மணந்து வரும். சென்னையில் இத்தட்டி அவ்வளவாகப் பயன்படாது. கடற்காற்றிலேயே ஈரம் மிகுதி. தக்காணத்தின் உலர்ந்த காற்றோ நீரை விரைந்து உறிஞ்சும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஏறக்குறைய முக்கால் யூனிட்டு மின்சாரம் தரும் வெப்பத்தை நெருங்கும். நம் காலனியில் கோடைதோறும் சன்னலில் ஏறும் 'கூலர்' பெட்டி அவ்வெட்டிவேர்த் தட்டியின் பேரப்பிள்ளையே. ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும் என்னும் இவ்வொரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் வரப்போகும் இயந்திரத்தின் உயிர்நிலை இதுவே.

நம் முன்னோர் விட்டு வந்த சென்னையில் இதற்கிடையே வேறொரு புதுமை நிகழ்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர் என்பார், அந்நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி விற்றார். 1833இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதற் கப்பலில் ஏறக்குறைய 180 டன் பனிக்கட்டி ஏற்றப்பட்டது. நான்கு மாதக் கடற்பயணத்தில் கரைந்தது போக, சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. 1840களில் சென்னைக் கடற்கரையில் அவருக்கு ஒரு கிடங்கு எழுந்தது. 'ஐஸ் ஹவுஸ்' என்று திருவல்லிக்கேணியார் இன்றும் வழங்குவது அதனையே. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அக்கட்டடத்திலேதான். 1870களில் சென்னையிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யக் கற்றபின் டியூடரின் வாணிகம் மறைந்தது. ஆயினும் அதன் நிழல் நம் வீடுகளில் எஞ்சியுள்ளது. கடைக்காரர் 'ஒன்றரை டன் ஏ.சி.' என்கிறாரே, அந்த 'டன்' பெட்டியின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் ஆற்றலே அச்சொல்லின் பொருள்.

இனி இயந்திரத்திற்கு வருவோம். வெப்ப நாடுகளில் வாழும் ஐரோப்பியரின் அறைகளைக் குளிர்விக்க வழி தேடிய சார்லஸ் பியாசி ஸ்மித் என்னும் வானியலறிஞர், 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு திட்டம் கூறினார். காற்றை அழுத்தினால் சூடேறும். அச்சூட்டை வெளியே ஆறவிட்டுப் பின் அக்காற்றை அறைக்குள் விரியவிட்டால் குளிரும் என்றார். 1852இல், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன், இவ்வினையைத் திருப்பிப் போட்டால் குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கவும் கூடும் என்று கணக்கிட்டு எழுதினார். நிலக்கரியை அடுப்பிலிட்டு நேரே பெறும் வெப்பத்தைவிட, அதே நிலக்கரியால் இயந்திரத்தை ஓட்டி வெளிக்காற்றிலிருந்து திரட்டும் வெப்பம் பன்மடங்காகும் என்பது அவர் கண்ட உண்மை. நம்மைப் போன்ற வெயில்நாட்டின் தேவையிலிருந்து எழுந்த சிந்தனை, குளிர்நாட்டின் கணப்பாக மாறிய கதை இது.

இவ்வியந்திரத்தையே இந்நாளில் வெப்பப் பம்பு என்கின்றனர். நம் ஊர் ஏற்றத்தை அறிந்தோர்க்கு இதனை விளக்குவது எளிது. ஏற்றம் நீரைப் படைப்பதில்லை. கீழே கிடந்த நீரை மேலே கொணர்கின்றது. இழுப்பவரின் உழைப்பு நீராக மாறுவதில்லை, நீரை இடம் மாற்றுகின்றது. அவ்வாறே இவ்வியந்திரமும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. குளிர்ந்த இடத்திலிருந்து வெம்மையான இடத்திற்கு ஏற்றுகின்றது. குழாய்க்குள் ஓடும் திரவம் ஒரு புறத்தில் ஆவியாகி வெப்பத்தைக் கவர்கின்றது. வெட்டிவேர்த் தட்டியில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்கின்றது. ஆனால் தட்டியின் ஆவி காற்றோடு போயிற்று. இங்கே அமுக்கி அவ்வாவியைப் பிடித்து நெருக்கி மறுபுறம் தள்ளுகின்றது. அங்கே அது மீண்டும் திரவமாகித் தான் சுமந்த வெப்பத்தை இறக்கி வைக்கின்றது. ஒரு யூனிட்டு மின்சாரம் செலவிட்டால் மூன்று யூனிட்டு அளவுக்கு வெப்பம் இடம் மாறும். வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியும் ஏ.சி.யும் இவ்வினத்தனவே. திசையை மாற்றும் தடுக்கிதழ் ஒன்று அமைந்துவிட்டால், மே மாதம் அறையைக் குளிர்வித்த அதே பெட்டி டிசம்பரில் அறையைச் சூடாக்கும்.

ஆஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர் என்னும் பொறியாளர் 1850களிலேயே உப்பு நீரைக் காய்ச்சும் ஆலையில் இம்முறையை முயன்று பார்த்தார். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றத்திற்கு 1938இல் அருகில் ஓடும் லிம்மாத் ஆற்றின் நீரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பம்பு அமைத்தனர். கைதொட்டால் விறைக்கும் ஆற்று நீரிலிருந்து மாளிகைக்குச் சூடு வந்தது. இன்று நார்வே நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் வெப்பப் பம்பு உண்டு. அவ்வளவு குளிரிலும் வெளிக்காற்றில் கவர்ந்துகொள்ளத்தக்க வெப்பம் இருக்கின்றது என்பதே பலர் நம்ப மறுக்கும் செய்தி.

இத்தொழில் நம் நகருக்கும் புதிதன்று. 1942இல் இங்கே தோன்றிய ஐதராபாத் ஆல்வின் நிறுவனம் பேருந்து உடல்களும் பின்னர்க் கைக்கடிகாரங்களும் செய்தது. அதன் குளிர்சாதனப் பெட்டி ஒருகாலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் பெருமைப் பொருளாக விளங்கிற்று. அதன் பின்புறத்துக் கருங்கம்பிச் சட்டத்தில் கைவைத்துச் சுட்டுக்கொண்ட பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டியர் ஆகிவிட்டனர். பெட்டிக்குள் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் எடுத்த வெப்பம் அச்சட்டத்தின் வழியே சமையலறைக்கு வந்தது என்பதை அன்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வெப்பம் எங்கே செல்கின்றது என்னும் கேள்வியை நாமும் நெடுநாள் கேட்டதில்லை. சில கோடைகளுக்கு முன் எங்கள் வீட்டில் ஏ.சி. பொருத்தினோம். வெளிப்பெட்டியை எங்கு வைப்பது என்று பொருத்த வந்தவர் கேட்டபோது, பக்கத்துச் சந்தைக் காட்டினோம். சந்தின் அகலம் ஐந்தடியும் இராது. எதிரே அடுத்த வீட்டாரின் சமையலறைப் பலகணி. ஒன்றரை டன் இயந்திரம் அறையிலிருந்து ஐந்து கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை எடுக்கும். தான் உண்ட மின்சாரத்தையும் சேர்த்து ஆறரை கிலோவாட்டு அளவில் வெளியே கொட்டும். பெரிய மின் அடுப்புகள் மூன்றைச் சந்தில் எரியவிட்டதற்கு ஒப்பாகும் அது. அடுத்த வீட்டு அம்மையார் பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் வந்து, "உங்க வீட்டு வெயில எங்க வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே, தம்பி" என்றார். சினமின்றித்தான் சொன்னார். தாழ்வாரத்தில் கயிறு இழுத்தவன் எங்கள் நினைவுக்கு வந்தான். மறுநாளே பெட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். குழாய் நீண்டதால் செலவு கூடிற்று. அச்செலவை நாம் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

நம் காலனியில் இது எங்கள் வீட்டுச் செய்தி மட்டுமன்று. ஏ.சி. இல்லாத வீடுகளும், தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வேய்ந்த வீடுகளும் நம்மிடையே உள்ளன. அங்கும் முதியோர் உள்ளனர். தெலுங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சைக் கூரைமேல் பூசுவது அதன் அடிப்படை. இயந்திரம் வாங்குமுன் அப்பூச்சு வேலையைச் செய்வதே முறை என்பது எம் கருத்து. உள்ளே வராத வெப்பத்தை யாரும் வெளியேற்ற வேண்டியதில்லை.

வெந்நீர் பற்றியும் சொல்ல வேண்டும். இந்நகரின் பனிக்காலத்தில் அறையைச் சூடாக்க வேண்டிய நாட்கள் சிலவே. குளிக்க வெந்நீர் வேண்டிய நாட்களோ பல. நூறு லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 50 பாகைக்கு ஏற்ற, சாதாரணக் கீசருக்கு மூன்றரை யூனிட்டு மின்சாரம் வேண்டும். வெப்பப் பம்பு அதே வேலையை ஒரு யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரத்தால் முடிக்கும். எனினும் அதன் விலை மிகுதி, இடம் வேண்டும், நீர் சூடேற நேரம் பிடிக்கும், ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீர் குழாயில் படியும். மூவர் வாழும் சிறு வீட்டுக்கு நாம் இதனைப் பரிந்துரைக்க மாட்டோம். மாணவர் விடுதி, மருத்துவமனை, திருமண மண்டபம், பல வீடுகள் சேர்ந்த அடுக்ககம் ஆகியவற்றிற்கே இது மிகவும் ஏற்றது.

மண்டபத்திற்கு இன்னொரு நன்மையும் உண்டு. வெந்நீர்ப் பம்பு தான் வெப்பம் கவர்ந்த காற்றைக் குளிர்ந்த காற்றாக வெளியே விடும். அக்காற்றைக் குழாய் வைத்துச் சமையற்கட்டுக்குள் திருப்பலாம். முகூர்த்த நாளில் விடியற்காலை மூன்று மணிக்கே பெரிய அடுப்புகளின் முன் நின்று இட்லியும் பொங்கலும் ஆக்கும் சமையற்காரர்களின் வெம்மையை எடுத்து, மாடியில் தங்கிய பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் குளியல் நீராக அனுப்பலாம். சங்கத்திற்கென ஒரு மண்டபம் கட்ட வேண்டுமென்று ஆண்டுதோறும் பேசுகின்றோம் அன்றோ? அதன் வரைபடம் போடும்போது சமையற்கட்டின் சுவரில் அக்குழாய்க்கு ஒரு துளை விட்டுவைக்குமாறு செயற்குழுவினரை இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.